படம், பாட்டு வாங்கும்போது காசுக்கு மதிப்பு எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: மாதம் 500 ரூபாய் வரை படத்துக்கும் பாட்டுக்கும் செலவு செய்யத் தயார். பழைய தமிழ்ப் படப் பாடல்கள் உயிர், உலக சினிமாவும் கொஞ்சம் பார்ப்பதுண்டு, திருட்டுப் பிரதி வேண்டாம். ஓடிடி சந்தா கட்டுவதா, சிடி, டிவிடி வாங்குவதா, அல்லது இப்போது பலரும் செய்வதுபோல எல்.பி. ரெக்கார்டில், அதாவது ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டில், இறங்குவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பெரும்பாலும் வாடகைக்கு எடுங்கள். பாட்டைச் சொந்தமாக வாங்குங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போடுவதால்தான் பணம் வீணாகிறது.

ஒரு படத்தை வாழ்நாளில் எத்தனை முறை முழுதாக உட்கார்ந்து பார்ப்போம்? மிகவும் பிடித்த படம் என்றால்கூட ஐந்தாறு முறை. பெரும்பாலான படங்கள் ஒரே முறையோடு சரி. பாட்டு அப்படியில்லை. பிடித்த பாட்டை ஒரே வாரத்தில் இருபது முறை கேட்போம், பத்து வருஷம் கழித்தும் தேடிப் போவோம். அதனால் விலைப்பட்டியலில் 300 ரூபாய் டிவிடியும் 300 ரூபாய் சிடியும் ஒன்றாகத் தெரிந்தாலும், ஒரு முறை பார்க்க, ஒரு முறை கேட்க ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்கும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. டிஜிட்டலாக வாங்கும்போது பாட்டு உண்மையிலேயே உங்கள் கைக்கு வருகிறது, படம் வருவதில்லை. ஐட்யூன்ஸ் கடையில் 2009ஆம் ஆண்டிலேயே பாடல்களுக்கு இருந்த பூட்டை, அதாவது வேறெங்கும் பிரதி எடுக்க முடியாதபடி போட்டிருந்த தடையை, எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அங்கே வாங்கும் பாட்டு ஒரு சாதாரணக் கோப்பு. பென்டிரைவில் போட்டுக் காரில் கேட்கலாம், கடையே மூடிப்போனாலும் உங்களிடம் இருக்கும். இந்தியாவில் ஃப்ளிப்கார்ட் நடத்திய ஃப்ளைட் என்ற பாட்டுக் கடை 2012இல் திறந்து 2013இலேயே மூடப்பட்டது. அங்கே வாங்கியதைக் கையோடு இறக்கி வைத்துக்கொண்டவர்கள் இன்றும் அந்த எம்பி3 பாடல்களைக் கேட்க முடிகிறது.

படத்தின் கதை வேறு. ‘வாங்கு’ என்று பொத்தான் இருக்கும், விலையும் வாடகையைப் போல நாலைந்து மடங்கு இருக்கும். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கடையின் செயலிக்குள் பார்க்கும் அனுமதி மட்டும்தான். 2023 டிசம்பரில் சோனி, தன் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டியில் டிஸ்கவரி சேனல் நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களிடம், உரிம ஒப்பந்தம் காரணமாக அவை மாதக் கடைசியில் நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு அந்த முடிவு மாறியது. ஆனாலும் ‘வாங்கியது’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் இதற்காகவே 2024இல் ஒரு சட்டம் போட்டது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ள முடியாத ஒன்றை விற்கும்போது, இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக்கூடாது. 2025 ஜனவரியிலிருந்து அது அமலில் இருக்கிறது. நம் ஊர்ச் செயலிகளில் இன்னும் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே, செயலிக்குள் படத்தை ‘வாங்கு’வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பார்க்க வேண்டுமானால் வாடகை போதும். வாடகைக்கு எடுத்த படத்தைத் தொடங்கப் பொதுவாக 30 நாள், தொடங்கிய பிறகு முடிக்க 48 மணி நேரம் தருவார்கள். வெள்ளிக்கிழமை இரவு தொடங்கினால் ஞாயிறு இரவுக்குள் வீட்டில் எல்லோரும் பார்த்துவிடலாம்.

சந்தாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு ஓடிடியை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு மாதம் இது, அடுத்த மாதம் அது என்று மாற்றிக்கொண்டே இருங்கள். நீங்கள் பார்க்காத மாதத்தில் படங்கள் எங்கும் ஓடிப்போகாது, சேர்ந்துகொண்டுதான் இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைச் சேர்ந்த அன்றே நிறுத்தி வையுங்கள். பெரும்பாலான சேவைகளில் அந்த மாதம் முடியும்வரை பார்க்கலாம். செல்பேசி ரீசார்ஜோடும் இணைய இணைப்போடும் ஏற்கெனவே எந்தெந்த ஓடிடி சேர்ந்து வந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஓசியில் வந்ததையே தனியாகக் காசு கொடுத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், திட்டத்தின் தரத்தைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் 2021 டிசம்பரில் விலை குறைத்தபோது 149, 199, 499, 649 என்று நாலு படி வைத்தது. முதல் படி செல்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும், படத்தின் தெளிவு 480 வரி. இரண்டாவதும் அப்போது 480தான், பிறகுதான் 720 ஆனது. மூன்றாவது 1080, கடைசியில்தான் 4கே. செல்பேசியில் பார்ப்பவர் 4கேக்குப் பணம் கட்டுவது தண்டம். அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் பழைய டிவிடியிலிருந்து ஏற்றப்பட்டிருந்தால், எந்தத் திட்டம் எடுத்தாலும் அதே மங்கல்தான். ஆண்டுச் சந்தா மலிவு என்பதும் முழு உண்மையல்ல. 2025 ஜூனில் அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவில் படங்களுக்கு நடுவே விளம்பரம் காட்டத் தொடங்கியது. அது வேண்டாம் என்றால் தனியாகக் கட்ட வேண்டும். வருஷம் முழுவதற்கும் முன்கூட்டிப் பணம் கட்டியவர்களுக்கும் அதே கதிதான்.

பழைய தமிழ்ப் படங்களுக்கு எதையும் கட்டுமுன் யூடியூபில் தேடிப் பாருங்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே ஏராளமான பழைய படங்களை முழுதாக ஏற்றியிருக்கின்றன. ஏபி இன்டர்நேஷனல், பிரமிட், ராஜ் வீடியோ விஷன் போன்றவை. சட்டப்படியானது, செலவில்லை. நடுநடுவே விளம்பரம் வரும், சில இடத்தில் மூலையில் முத்திரை உட்கார்ந்திருக்கும். ஒரு முறை பார்க்க அது போதும்.

பாட்டுச் சந்தாவில் ஒரு சங்கடம் உண்டு. பழைய தமிழ்ப் பாடல்களில் பெரும்பங்கு ஒருசில நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. எச்எம்வி என்று நாம் அறிந்த கிராமபோன் கம்பெனி, இன்றைய சரிகம, அதில் முக்கியமானது. ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்த சில வாரங்களிலேயே சரிகமவின் பாடல்கள் அதிலிருந்து போய்விட்டன. ஒப்பந்தமாகித் திரும்பி வர 2020 மே ஆனது. அந்த ஓராண்டில் அங்கே எம்.எஸ்.வி. பாட்டுத் தேடியவர் நிலையை நினைத்துப் பாருங்கள். 2023இல் இதே மாதிரி ஜீ மியூசிக் பாடல்கள் காணாமல் போயின. 2024இல் ஏர்டெல்லின் விங்க் என்ற பாட்டுச் செயலியே மூடப்பட்டது. அதில் வருஷக்கணக்கில் சேர்த்த பட்டியல்கள் எல்லாம் போயின. சந்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாகத் தேடிக் கேட்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் எது இல்லாமல் இருக்க முடியாதோ அதைச் சந்தாவின் தயவில் விடாதீர்கள்.

கேசட் காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 நிமிஷமோ 90 நிமிஷமோ ஓடும் காலிக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். இடம் குறைவு என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் யோசித்துத்தான் எழுதுவோம். சட்டப்படி அது சரியில்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பட்டியல் போடும் பழக்கம் இன்றும் உதவும். ஒரு மாதம் நீங்கள் கேட்பதைக் குறித்துவையுங்கள். திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரிந்துவிடும். அதை வாங்குங்கள்.

எப்படி வாங்குவது? என்னைக் கேட்டால் இன்றைக்குச் சந்தையில் விலைக்கு மேல் மதிப்புள்ள ஒரே பொருள் பழைய ஆடியோ சிடிதான். எல்லோரும் அதைக் கைவிட்டுவிட்டார்கள், ரெக்கார்டுக்கு இருக்கும் மோகம் அதற்கு இல்லை. ஆகவே பழைய புத்தகக் கடைகளிலும், மூடும் கடைகளின் கழிவு விற்பனையிலும் கொட்டிக் கிடக்கிறது. சிடியில் இருப்பது விநாடிக்கு 1,411 கிலோபிட் ஒலி, எதையும் வெட்டிக் குறைக்காதது. கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று வாங்கி, ஃபிளாக் கோப்பாக மாற்றி வைத்துக்கொண்டால், தரம் ஒரு துளி குறையாமல் ஏறக்குறைய பாதி அளவில் சேமிக்கலாம். சிடிக்குப் பூட்டுக் கிடையாது, அதனால் இதில் எந்தச் சிக்கலும் இல்லை. மாற்றிய கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள், சிடியை உறையோடு அலமாரியில் போட்டுவிடுங்கள்.

ஆனால் கடையில் கையில் எடுப்பது ஆடியோ சிடிதானா என்று பாருங்கள். ‘150 பாடல்கள்’ என்று அட்டையில் இருந்தால் அது எம்பி3 சிடி. 700 எம்பி இடத்தில் அத்தனை பாட்டைத் திணிக்க 128 கிலோபிட் அளவுக்கு நசுக்க வேண்டும். வயலின் கூட்டம் ஏறும் இடங்களில் சோப்பு நுரை மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதற்கு யூடியூபே தேவலாம். உண்மையான ஆடியோ சிடி 80 நிமிஷத்தைத் தாண்டாது, இருபது பாட்டு இருந்தால் அதிகம்.

அடுத்து, தட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆலையில் அச்சடித்தது வெள்ளி நிறத்தில் பளிச்சென்று இருக்கும். ஊதாவோ பச்சையோ கலந்து தெரிந்தால் யாரோ கணினியில் எழுதியது. அதிலிருக்கும் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கிப்போகும். காசு கொடுக்காதீர்கள். பிறகு தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகள் ஒளிர்ந்தால் மேல்பூச்சு உதிர்ந்திருக்கிறது, தேறாது. அடிப்பக்கத்தில் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் கீறல் பெரும்பாலும் பாதகமில்லை. வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் பாட்டை நிறுத்தும். எழுத்து அச்சடித்த மேல்பக்கத்தில் கீறல் இருந்தால் இன்னும் மோசம். சிடியில் ஒலிப் படலம் அந்தப் பக்கம்தான் ஒட்டி இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், மேல்பக்கம் போனால் போனதுதான்.

உறையில் எழுதியிருப்பதையும் படியுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி, ஒலிப்பதிவின் உறையில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். படமாக இருந்தால் தணிக்கைச் சான்றிதழின் நகலும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் கலர் கலராக நடிகர் படம் மட்டும் இருந்தால் என்ன பொருள் என்று உங்களுக்கே புரியும்.

‘ரீமாஸ்டர்’, ‘5.1’, ‘டிஜிட்டல் ஸ்டீரியோ’ என்ற வார்த்தைகளைப் பார்த்து மயங்காதீர்கள். எழுபதுகளின் பிற்பகுதி வரை தமிழ்ப் படப் பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. ஒரே தடத்தில் குரலும் தபேலாவும் வயலினும் கலந்து உட்கார்ந்த பிறகு அவற்றைப் பிரிப்பது சுலபமல்ல. ‘ஸ்டீரியோ’ என்று விற்ற பல தொகுப்புகளில் எதிரொலியைக் கூட்டி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிலவற்றில் மேலே புது டிரம்ஸ் சேர்த்து வைத்த கொடுமையும் உண்டு. தொண்ணூறுகளில் வந்த பழைய சிடியில் ஒலி கொஞ்சம் தணிந்திருக்கும், பின்னால் ‘உஸ்’ என்ற இரைச்சல் இருக்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். பாடுபவர் மூச்சு இழுப்பது கேட்கும். புதுப்பித்தது என்று வருவதில் எல்லாம் ஒரே உரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். முதல் நிமிஷம் பிரமாதம், மூன்றாவது பாட்டில் காது வலிக்கும்.

சிடி கிடைக்காத பாட்டுக்கு டிஜிட்டல் கடை. தனி இசைக் கலைஞர்களுக்குப் பேண்ட்கேம்ப். அங்கே ஃபிளாக் வடிவிலேயே இறக்கலாம், டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். 2020இலிருந்து சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். கொடுக்கும் காசு பாடியவருக்குப் போக வேண்டும் என்று நினைத்தால் அந்த நாள் பார்த்து வாங்கலாம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று, சிடியைவிட உயர்ந்த தரம் என்ற பெயரில் கூடுதல் விலைக்கு வருவதை விட்டுவிடுங்கள். புளூடூத் இயர்போனில் கேட்பவருக்கு அந்தக் காசு காற்றில் போகிறது. புளூடூத் எப்படியும் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும்.

இப்போது டிவிடி. படத்தை வாடகைக்கு எடுங்கள் என்று சொன்னேன். ஆனால் எங்கேயும் வாடகைக்கோ சந்தாவிலோ கிடைக்காத தமிழ்ப் படங்கள் நிறைய உண்டு. அவற்றுக்குப் பழைய டிவிடிதான் கதி. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டு டிவிடி விலைக்கே அசல் கிடைத்த காலம் அது. நிறுவனம் பின்னால் கடனில் மூழ்கிப்போனாலும், அப்போது வீடுகளுக்குள் போன டிவிடிகள் இன்று நடைபாதைக் கடைகளில் வருகின்றன. விசிடியை மட்டும் தொடாதீர்கள். அதன் படம் 352க்கு 288 புள்ளி, இன்றைய டிவியில் பார்க்க முடியாது.

‘ஒரே டிவிடியில் 3 படம்’ என்பதும் மலிவுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் விநாடிக்கு ஏழு மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். மூன்று வைத்தால் இரண்டரை. ஒற்றை அடுக்கு டிவிடியில் மூன்று வைத்தால் ஒன்றரைக்கும் கீழே, அதாவது விசிடிக்குப் பக்கத்தில். அசைவு வரும் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு படத்துக்கு ஒரு தட்டு என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக லண்டன் ஐங்கரன், மலேசியாவின் லோட்டஸ் ஃபைவ் ஸ்டார் போன்றவை இரண்டாயிரங்களில் வெளியிட்ட டிவிடிகள் சப்டைட்டிலோடு இருக்கும். சென்னைக்குச் சுற்றிவந்து பழைய கடைகளில் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, படம் முழுதாக இருக்கிறதா என்பது. தமிழில் 1973இல் சினிமாஸ்கோப் வந்தது. அந்த அகலப் படத்தைப் பழைய சதுர டிவிக்காக இரண்டு ஓரமும் வெட்டினால் நாற்பது சதவீதத்துக்கு மேல் படம் போய்விடும். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரியும். உறையின் பின்பக்கத்தில் திரை விகிதம் போட்டிருந்தால் பாருங்கள், இல்லையென்றால் ஓடவிட்டுப் பாருங்கள். நீளத்தைச் சரிபார்க்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மிமீ பிலிம் நிமிஷத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4,300 மீட்டர் என்றால் சுமார் 157 நிமிஷம். உங்கள் டிவிடி 130 நிமிஷத்தில் முடிந்தால் யாரோ பாட்டையோ நகைச்சுவையையோ உருவிவிட்டார்கள். 150 என்றால் சந்தேகப்பட வேண்டாம். பிஏஎல் என்ற டிவி முறையில் அமைந்த டிவிடியில் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் 25 ஆக ஓடும். எதையும் வெட்டாமலேயே நேரம் குறையும். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு மட்டும் அதில் ஒரு தொந்தரவு: சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைய ஏறிவிடும். பாட்டுக்காகப் பார்க்கும் படம் என்றால் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறை டிவிடி கிடைக்கிறதா என்று தேடுங்கள், அதில் இந்தக் கோளாறு இல்லை.

உலக சினிமாவுக்குப் புளூரே வாங்க ஆசைப்பட்டால், முதலில் உங்கள் பிளேயரின் மண்டலத்தை, அதாவது உலகின் எந்தப் பகுதியில் விற்ற தட்டு அதில் ஓடும் என்பதைப் பாருங்கள். புளூரேயில் அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. உலக சினிமாவுக்குப் பேர்போன கிரைட்டீரியன் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிடும் தட்டுகள் பெரும்பாலும் ஏ மண்டலப் பூட்டோடு வரும். இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே புளூரேக்கு இந்தப் பூட்டு இல்லை, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும், ஆனால் அதற்குத் தனி பிளேயர் வேண்டும். தபாலில் வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டக்கூடும். அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் ஜூலையிலும் நவம்பரிலும் சொல்லிவையுங்கள். அங்குள்ள பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைகளில் அந்த மாதங்களில் கிரைட்டீரியனுக்குப் பாதி விலை விற்பனை நடப்பது வழக்கம். ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரட்டும்.

வீட்டில் வயதானவர்களுக்காகக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: செல்பேசியில் தேடத் தெரியாதவர்களுக்குச் சரிகமவின் கார்வான் நல்ல பொருள். ரேடியோ மாதிரி இருக்கும் பெட்டி, பாட்டு உள்ளேயே ஏற்றப்பட்டு வரும். 2017இல் வந்தபோது 5,000 பாட்டோடு 5,990 ரூபாய். ஒரு பாட்டுக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான். ஆனால் உள்ளே இருக்கும் பாட்டை வெளியே எடுத்து வேறெதிலும் போட முடியாது. அப்பா அம்மாவுக்கு வாங்குங்கள், உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ரெக்கார்டு. சிக்கனக் கணக்கில் ரெக்கார்டுக்கு இடமே இல்லை. புது எல்.பி. பெரும்பாலும் 2,000 ரூபாயைத் தாண்டும். பிளேயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஊசி எல்லாம் தனி. புதிதாக அச்சடிக்கும் பழைய பாடல் தட்டுகள் பல, சிடிக்கு வைத்திருந்த அதே டிஜிட்டல் பிரதியிலிருந்து வந்தவை. அந்தச் சத்தத்துக்குப் பல மடங்கு விலை எதற்கு? பெட்டி மாதிரி மூடி எடுத்துப்போகும் மலிவு பிளேயர்களில் ஊசி அதிக எடையோடு தட்டை அழுத்தி உழும். நல்ல தட்டைக் கெடுப்பதற்கே செய்ததுபோல இருக்கும்.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால் பழைய இந்திய அச்சுகளைத் தேடுங்கள். சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய கடைகளில் இன்னும் தட்டுகள் வரும். பகல் வெளிச்சத்தில் போங்கள். தட்டை உறையிலிருந்து முழுதாக எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய தலைமுடிக் கோடுகள் பரவாயில்லை. நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் என்றால் ‘டக் டக்’ என்று கேட்கும். கீறலே இல்லாமல் தடங்கள் சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருந்தால் இன்னும் ஆபத்து. தேய்ந்த ஊசி வைத்துப் பல வருஷம் ஓட்டியிருக்கிறார்கள், எவ்வளவு கழுவினாலும் கரகரப்புப் போகாது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சிலந்திக்கோடு போல வெள்ளைத் தடங்கள் இருக்கும். அவை குறைவாக இருந்தால் தட்டு அதிகம் ஓடாதது. கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாகப் பிடித்து வளைவு பாருங்கள். வெயிலில் கிடந்த தட்டு அலைபோல நெளிந்திருக்கும். உறையும் உள்ளே இருக்கும் தட்டும் ஒன்றுதானா என்று லேபிளைப் படியுங்கள். மாறிக் கிடப்பது சர்வசாதாரணம்.

விலையைப் பேசும்போது ‘ரேர் பீஸ் சார்’ என்பார்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தத் தட்டு உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்ற வரலாறு இருக்கிறது. கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்ற விலையைப் பாருங்கள். படம் பெரிய வெற்றி என்றால் தட்டும் நிறைய அச்சடிக்கப்பட்டிருக்கும், அடுத்த வீடு இடிபடும்போது இன்னொன்று வரும். இ.பி. என்ற ஏழு அங்குலச் சிறு தட்டில் பெரும்பாலும் நாலு பாட்டுத்தான், படத்தின் எல்லாப் பாட்டும் இருக்காது. பின்பக்கப் பட்டியலைப் பார்த்து உங்களுக்கு வேண்டிய பாட்டு இருந்தால் எல்.பி.யைவிட இது மலிவு. கதை வசன எல்.பி.யைப் பாட்டுத் தட்டு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், படத்தின் பெயரும் நடிகர் படமும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

கனமாக, தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும் 78 ஆர்.பி.எம். தட்டுகளைச் சில சமயம் மிகக் குறைந்த விலைக்குத் தருவார்கள். அவை அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் சில்லாகும். தடம் எல்.பி.யைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம் என்பதால் அதற்கென்று தனி ஊசி வேண்டும். சாதாரண எல்.பி. ஊசியை வைத்தால் தடத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும், ஊசியும் கெடும். எல்.பி.யைத் துடைப்பதுபோல ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். அந்த ஊசியும் அந்த வேகத்தில் சுற்றும் பிளேயரும் கைக்கு வரும்வரை, 50 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.